செருப்புக்கு வசனம் எழுதிய அப்பா

இரண்டு வாரங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு கிண்ணம் மாவுப் பசையும் ஒரு கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு, என் மகள் எட்டு நாள் உட்கார்ந்து செய்த வேலையை ஒரே மணி நேரத்தில் கெடுத்து வைத்தேன்.

கோபத்தில் இல்லை, பிள்ளைகளே. பாசத்தில்!

கோபத்தில் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பது சுலபம். பாசத்தில் செய்ததற்கு...? ‘நல்லதுக்குத்தானே செஞ்சேன்’ என்று வாய் முந்திக்கொள்கிறது. மன்னிப்பு பின்னால் போய் வரிசையில் நிற்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

பத்திரிகையில் இந்தச் சிறுவர் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்கு என் வேலை தெரியும். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவன். மூடியைத் திறப்பேன், எண்ணைப் பார்ப்பேன், எழுதுவேன், அடுத்த வீடு. ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எழுத்து என்றால் எனக்கு உயிர். லோரிக்குப் பின்னால் எழுதியிருப்பதைக்கூட விடமாட்டேன். ரொட்டி சுற்றி வந்த பேப்பரைக் கசக்குவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவேன்.

படம்? படம் எதற்கு? எழுத்துக்கு நடுவில் கொஞ்சம் மூச்சு வாங்க... அவ்வளவுதான் என் எண்ணம்.

பினாங்கில் கெலுகோர் வட்டாரத்தில் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர். யாழ்ப்பாணக் குடும்பம். ஒரு நாள் மீட்டர் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு பெட்டி புத்தகம் கிடக்கு. மகன் வெளிநாட்டில படிக்கப் போயிட்டான். உங்கட பிள்ளைக்கு உதவும். கொண்டு போங்கோ.”

திறந்து பார்த்தால்... சித்திரக்கதைகள்! நாம் கடையில் பார்க்கிற மெல்லிய புத்தகங்கள் இல்லை. செங்கல் மாதிரி தடி. ஒரு நாவல் அளவுக்குக் கதை, ஆனால் முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை கட்டம் கட்டமாகப் படம். எல்லாம் ஆங்கிலம். படித்தவர் வீட்டுப் பையன் இவ்வளவு வளர்ந்த பிறகும் படமா பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் சும்மா கிடைத்ததை வேண்டாம் என்று சொல்கிற ஆளா நான்? மோட்டார் சைக்கிளில் கட்டி, ஆற்றோரம் சுங்கை பினாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

என் மகள் சுமதிக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு. அவளுக்குத் தமிழில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் ஒரு வேலை ஆரம்பித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தில் இருக்கிறவர்கள் பேசுகிற பலூன்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்ப்பது. துண்டுக் காகிதத்தில் அழகாக எழுதுவது. மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கி அந்தந்தப் பலூன் மேல் ஒட்டுவது.

ஒரு சின்னச் சிக்கல். வெள்ளைக்காரன் ‘நோ’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். எனக்கு மனசு கேட்காது. ‘இல்லை, நான் உயிரோடு இருக்கும் வரை அது ஒருபோதும் நடக்காது!’ என்று எழுதுவேன். பலூன் கோலிக்குண்டு அளவு... என் துண்டு பஸ் டிக்கெட் அளவு!

“அப்பா, இந்த ஆளுக்குக் கைய காணோம்ப்பா.”

“கை எதுக்கும்மா? அதான் வசனம் இருக்குல்ல?”

அவள் துண்டின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்ப்பாள்.

இன்னொன்றும் கவனித்தேன். நான் ஒட்டி முடித்த பக்கங்களை நானே பத்து நிமிஷத்தில் படித்து முடித்துவிடுவேன். அவளுக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்படும். ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாசிப்பு வரவில்லையோ என்று எனக்குப் பயம். பள்ளிக்கூடம் போய் அவளுடைய தேவி டீச்சரிடமே கேட்டுவிட்டேன்.

“வாசிப்பா? வகுப்பிலேயே அவதான் வேகம் சார்,” என்றார் டீச்சர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேகமாகப் படிக்கிற பிள்ளை ஏன் மெதுவாகப் படிக்க வேண்டும்?

அந்த டீச்சர்தான் ஒரு வேலை கொடுத்தார். பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பிள்ளைகளின் வேலைகளைக் காட்டுகிற நாள் வருகிறது. ஆளுக்கு ஒரு சித்திரக்கதை வரைந்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நல்லதாக இருப்பதை மண்டபத்தில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள்.

சுமதி எட்டு நாள் வரைந்தாள். பள்ளி விட்டு வந்ததும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, க்ரேயான் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு... சாப்பிடக் கூப்பிட்டால் “இதோம்மா” என்று பத்துத் தடவை சொன்னாள். எட்டுப் பக்கம் முடித்து, சனிக்கிழமை மத்தியானம் அட்டைக்குள் வைத்து மேசை மேல் வைத்தாள். அம்மாவோடு கோயிலுக்குப் போனாள்.

நான் எடுத்துப் பார்த்தேன். கால்கள் தீக்குச்சி மாதிரிதான். வீடுகள் கொஞ்சம் சாய்ந்துதான். ஆனாலும் என்ன அழகு!

அப்புறம்தான் கவனித்தேன். எட்டுப் பக்கத்திலும் ஒரு எழுத்துகூட இல்லை!

பாவம் பிள்ளை... நேரம் பத்தாமல் விட்டுவிட்டாளே என்று நினைத்தேன். வசனம் எழுத வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கும்போது என்ன கவலை? திரும்பி வரும்போது ஆச்சரியமாக இருக்கட்டும்!

மாவைக் காய்ச்சினேன்.

கதை புரிந்தது. கருமேகம், மழை, ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. ஒரு அப்பா தன் பிள்ளையைத் தேடிப் போகிறார். கடைசியில் கண்டுபிடிக்கிறார். அருமையான கதை. நான் சும்மா இருப்பேனா? மேகத்துப் பக்கத்தில் ‘ஆகா! வானம் இருண்டுவிட்டதே!’ இரண்டாம் பக்கத்தில் தண்ணீரில் ஒரு சிவப்புச் செருப்பு மிதந்தது. அதற்குக்கூட ஒரு வசனம் கொடுத்தேன்: ‘ஐயோ! எனக்கு நீச்சல் தெரியாதே!’ எழுதிவிட்டு நானே சிரித்தேன்.

ஆறாம் பக்கம் முழுக்க ஒரே பழுப்புத் தண்ணீர். நடுவில் ஒரு பாலம், அதன் மேல் எறும்பு அளவில் ஒரு மனிதர். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே! ‘வெள்ளமே, உனக்கு நான் அஞ்சுவேனா?’ என்று நீளமாக ஒன்று ஒட்டினேன்.

ஏழாம் பக்கத்தில் சில பிள்ளைகள் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறார்கள். முன்னால் அந்த அப்பா, வாயைத் திறந்தபடி நிற்கிறார். வாய் திறந்திருந்தால் திட்டத்தானே? ‘அடி கழுதை! உன்னை எங்கெல்லாம் தேடுவது?’ என்று எழுதினேன். துண்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அப்பாவின் முகத்தில் பாதி உள்ளே போய்விட்டது.

மொத்தம் பதினேழு துண்டு. காயட்டும் என்று அட்டைக்குள் வைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுமதி அட்டையைத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ள.

முதல் பக்கம்... இரண்டாம் பக்கம்... ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஏழாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். மூடினாள்.

“நல்லாயிருக்குப்பா.”

அவ்வளவுதான். அட்டையைக் கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“என்னம்மா அங்க வைக்கிற? நாளைக்குக் கொடுக்கணுமே?”

“நான் கொடுக்கல. வரையலன்னு டீச்சர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

அழவில்லை. அழுதிருந்தால் ஒரு கிண்ணம் ஐஸ்கச்சாங் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். சமையல்கட்டில் இருந்து என் மனைவி பார்வதி வந்தாள், கையில் கரண்டியோடு.

“யார்கிட்ட கேட்டு ஒட்டுனீங்க?”

“கேக்கிறதுக்கு என்ன? எழுத்தே இல்லாம இருந்துச்சு...”

“எழுத்து வேணும்னா அவளுக்கு எழுதத் தெரியாதா? நீங்க மீட்டர் பாக்கப் போற வீட்டுல, நம்பர் கம்மியா இருக்குன்னு நீங்களா ரெண்டு நம்பர் சேத்து எழுதுவீங்களா?”

பிள்ளைகளே, என் மனைவி அஞ்சாம் வகுப்பு. என்னைவிட ஒரு வகுப்பு குறைவு... பேச்சில் எப்போதும் ஒரு வகுப்பு கூட!

அட்டையை இழுத்தேன். பிய்த்துவிடலாம் என்று ஏழாம் பக்கத்துத் துண்டின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தேன். துண்டு வந்தது. கூடவே அந்த அப்பாவின் கண்ணும் மூக்கும் தாளோடு உரிந்து வந்தன.

சுமதி கத்தினாள். “தொடாதீங்கப்பா!”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

அப்போதுதான் காதர் பாய் ஞாபகம் வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறார். என் வயதுதான். பழைய போட்டோ அட்டையோடு ஒட்டிப் போயிருந்தால் பிரித்தெடுப்பதில் மன்னன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை கடை திறந்திருக்கும். சுமதியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் என் சட்டையைப் பிடிக்கவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கடையில் கல்யாண போட்டோக்களும் மக்கா படமும் முருகன் படமும் யாரோ ஒரு சீனத் தாத்தாவும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றார்கள். பாய் அட்டையைத் திறந்து பார்த்தார்.

“அலாமாக்! என்னாண்ணே இது, படத்துக்கெல்லாம் பிளாஸ்திரி போட்டு வச்சிருக்கீங்க? கீழ விழுந்து அடிபட்டுச்சா?”

சுமதி முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“மாவுப் பசை பாய். நேத்துதான்.”

“படம் க்ரேயானா? பொழைச்சீங்க. மெழுகு, தண்ணி உள்ள போவாது. வாட்டர் கலரா இருந்தா எங்கிட்ட வந்தே பிரயோஜனம் இல்ல. உக்காருங்க.”

ஒரு கெட்டிலில் தண்ணீர் வைத்தார். கெட்டில் மூக்கில் இருந்து ஆவி வந்ததும் தாளை அதற்கு மேல் தள்ளிப் பிடித்து, மெல்லிய தகடு ஒன்றைத் துண்டுக்கு அடியில் விட்டு, அவசரமே இல்லாமல் நெம்பினார். துண்டு வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது.

வேலை செய்துகொண்டே படத்தையும் பார்த்தார்.

“இது என்ன... தண்ணி ஏறுது. செருப்பு ஒண்ணு மெதந்து வருது. சின்னப் புள்ள செருப்பு. ஆளக் காணோம்.” தாளைக் கிட்டே கொண்டு வந்து பார்த்தார். “அட அல்லா... இதத்தான் அந்த அப்பன் பாத்துட்டானா?”

சுமதி அவர் பக்கத்தில் நகர்ந்தாள். “ஆமா மாமா.”

சிவப்புச் செருப்பு! போன வருஷம் எங்கள் ஆறு பெருகியபோது, வேலை விட்டு ஓடி வந்த என் முன்னால், வாசலில் மிதந்து வந்த செருப்பு. சுமதியின் செருப்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நான் எங்கெல்லாம் ஓடினேன்! நேரில் பார்த்தபோது என் உயிரை உலுக்கிய பொருள்... படத்தில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குப் போய் ‘நீச்சல் தெரியாதே’ என்று தமாஷ் எழுதியிருக்கிறேன்!

பாய் அடுத்த பக்கங்களைத் திருப்பினார்.

“இங்க பாருங்கண்ணே. அஞ்சாவது பக்கத்துல சின்னச் சின்னக் கட்டமா எத்தன! ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம் கை காட்டுறாங்க. அங்க போ, இங்க போன்னு... பாக்கிறப்பவே நெஞ்சு படபடன்னு அடிக்குது. அடுத்த பக்கத்துல டக்குன்னு ஒரே ஒரு பெரிய படம். தண்ணி... தண்ணி... நடுவுல தூசி மாதிரி ஒரு மனுஷன். யா, இப்படித்தான் இருக்கும் லா. அந்த நேரத்துல ஒலகமே தண்ணியாத்தான் தெரியும்.”

அந்தத் தண்ணீரின் மேல்தான் நான் ‘அஞ்சுவேனா?’ என்று ஒட்டியிருந்தேன்.

“பாய், நான் ஒட்டுனத நீங்க படிக்கலையா?” என்று கேட்டேன்.

“எனக்குத் தமிழ் எழுத்து எங்க தெரியும்? நான் மலாய் ஸ்கூல்ல படிச்சவன். நீங்க எழுதுனது எனக்கு எறும்பு வரிசையா போற மாதிரிதான்.”

ஆகவே அந்தக் கடையில், என் வசனத்தால் கெடாமல் படம் பார்க்க முடிந்த ஒரே ஆள் அவர்தான்!

ஏழாம் பக்கம் வந்தது. முகத்தின் மேல்பாதி கிழிந்து வெள்ளையாக, மீசையும் வாயும் மட்டும் மிச்சமாக நின்றது. இதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று தலையை ஆட்டினார். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மூஞ்சி இல்லாட்டியும் தெரியுது. தோளப் பாருங்க, தொங்கிப் போயி. கைய பாருங்க, செருப்ப எப்படி இறுக்கிப் புடிச்சிருக்காரு. வாயத் தொறக்கிறாரு... ஆனா பேச்சு வரல. ஏன்மா, சரியா?”

“சரி மாமா,” என்றாள் சுமதி. பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க அன்னைக்கு ஒண்ணுமே பேசலையேப்பா. என்னைத் தூக்கித் தோள்ல வச்சிக்கிட்டு வீடு வர்ற வரைக்கும் ஒண்ணுமே பேசல. அதான் நான் எழுத்தே போடல.”

பாய் தகட்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையும் படத்தில் இருந்த மீசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே... இது நீங்களா?”

சுங்கை பினாங்கில் பாதிப் பேருக்கு மீசை இருக்கிறது. நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஒரு உண்மையைச் சொல்கிறேன் பிள்ளைகளே. அன்றைக்கு அவளைக் கோயில் படிக்கட்டில் பார்த்ததும் நன்றாகத் திட்டினேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். சத்தியமே செய்திருப்பேன். வீட்டுக்கு வந்து பார்வதியிடம் கேட்டேன்.

“திட்டுனீங்களா? நீங்களா? தேத்தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் வாயே தொறக்கல. நான் பயந்துட்டேன், இந்த மனுஷனுக்கு என்னமோ ஆச்சுன்னு.”

எனக்கே மறந்து போன என்னை, பத்து வயதுப் பிள்ளை கவனித்து வைத்து, க்ரேயானில் போட்டிருக்கிறாள். நான் அதன் மேல், என்ன பேசியிருக்க வேண்டும் என்று நினைத்தேனோ அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

“தப்பு பண்ணிட்டேன்மா,” என்றேன் சுமதியிடம். ‘நல்லதுக்குத்தானே’ என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சுமதி யோசித்தாள். “ஏழாம் பக்கம் மட்டும் புதுசா வரையணும். நாளைக்குள்ள. உக்காருங்க.”

“நானா?”

“மூஞ்சி வேணும்ல?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்து, கண்ணை உருட்டி, தவிப்பாக வைத்துக்கொண்டேன்.

“நடிக்காதீங்கப்பா.”

புருவத்தைத் தூக்கினேன்.

“அப்பா!”

“அப்ப எப்படிம்மா வச்சிக்கிறது?”

“வைக்காதீங்க. அங்க பாருங்க.” சுவரைக் காட்டினாள். எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. வெள்ளம் நின்ற அடையாளம். சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை. அதைப் பார்த்தேன். அந்தக் கோடு சுமதிக்கு எதுவரை வரும் என்று கண்ணால் அளந்தேன். போன வருஷம் அவள் இன்னும் குட்டை...

அதற்கு மேல் நான் எதையும் முகத்தில் வைக்கவில்லை. பென்சில் தாளில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பார்வதி ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததால் சந்தேகப்பட்டு, இன்னொரு தடவையும் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்துச் சுமதி தாளைத் திருப்பிக் காட்டினாள்.

சின்ன முகம்தான். கட்டைவிரல் அளவு. ஆனால் அதை நான் பத்து நிமிஷத்தில் படித்து முடிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தது. சுமதி ஏன் மெதுவாகப் படிக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் படித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. பார்த்துக்கொண்டும் இருந்தாள்!

“மூக்கு அப்படியே இருக்கு,” என்றாள் பார்வதி. “அது ஒண்ணு தப்பிக்க முடியாது.”

திங்கட்கிழமை அட்டை பள்ளிக்குப் போனது. ஆவி பட்ட இடங்களில் தாள் கொஞ்சம் நெளிந்திருந்தது. டீச்சர் கேட்டாராம். “மழைக் கதை டீச்சர், அதான்” என்று சொல்லிவிட்டாளாம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அந்த வாரம் கெலுகோர் பக்கம் மீட்டர் எடுக்கும் முறை. அந்த அம்மா வீட்டில் மீட்டர் பின்பக்கம். ஹால் வழியாகத்தான் போக வேண்டும். ஹாலில் ஒரு பெரிய படம். முழுக்க நீலம், ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி. மூன்று வருஷமாக அதைத் தாண்டிப் போகிறேன். வரைகிறவருக்கு மஞ்சள் தீர்ந்து போயிருக்கும் என்றுதான் நினைத்து வந்தேன். இந்தத் தடவை நின்றேன்.

“என்ன தம்பி, மீட்டர் ஓடேல்லையோ?”

“இல்லம்மா, படம் பாக்கிறேன்.”

“என்ன விளங்குது?”

“ஒண்ணும் விளங்கலம்மா. ஆனா அந்த மஞ்சளை அங்க தனியா விட்டுட்டுப் போக மனசு வரல.”

அவர் சிரித்தார். “அது காணும் தம்பி, அவ்வளவு போதும். அதுக்கு மேல எனக்கும் தெரியாது.”

படித்தவருக்கும் அவ்வளவுதானாம்! எனக்கு எவ்வளவு நிம்மதி! படம் பார்க்க ஆறாம் வகுப்பு போதும். அவசரப்படாமல் நிற்கத் தெரிந்தால் போதும். நீங்கள் சித்திரக்கதை படிக்கும்போது உங்கள் அப்பாவோ அம்மாவோ ‘படத்தைப் பாத்துக்கிட்டு நேரத்தை வீணாக்காதே’ என்று சொன்னால்... இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சொல்கிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கட்டம் ஏன் பெரிசு, அந்தக் கட்டம் ஏன் சின்னது, அந்த ஆள் ஏன் ஓரமாக நிற்கிறார் என்று கேளுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்டால் போதும், அவரும் நின்றுவிடுவார்.

போன சனிக்கிழமை பள்ளிக்குப் போனோம். மண்டபத்தில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். சுமதியின் எட்டுப் பக்கமும் ஜன்னலுக்குப் பக்கத்தில், வரிசையாக!

ஒருவர் வந்தார். எழுத்தைத் தேடினார். இல்லை. அரை நிமிஷத்தில் போய்விட்டார். நான்தான் அவர், போன மாதம் வரை. இன்னொருவர் செருப்பைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்து நிறுத்தி, ‘அண்ணே, அது யார் செருப்பு தெரியுமா?’ என்று கேட்கத் துடித்தது. சுமதி என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் நின்றேன்.

பிறகு ஒரு அக்கா, மார்க்கெட்டில் இருந்து நேரே வந்தவர் போல, கையில் இரண்டு கூடை. ஆறாம் பக்கத்தில் மெதுவானார். ஏழாம் பக்கத்தில் நின்றார். கூடைகளைக் கீழே வைத்தார். திரும்ப இரண்டாம் பக்கத்துக்குப் போய், அந்தச் செருப்பைப் பார்த்தார். மறுபடி ஏழாம் பக்கம் வந்தார். புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“யாரு புள்ள வரைஞ்சது?” என்று கேட்டார், பொதுவாக.

சுமதி கையைத் தூக்கினாள். அந்த அக்கா அவள் தலையைத் தொட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கூடைகளை எடுத்துக்கொண்டு போனார்.

நானும் ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளைகளே. மண்டபத்தில் இருந்த இரண்டு மணி நேரமும், யாருக்கும், எதற்கும் விளக்கம் சொல்லவில்லை!

இந்த வாரம் இந்தப் பக்கம் இவ்வளவு நீளமாகப் போனதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை... அன்று அடக்கி வைத்ததெல்லாம்தான்.